ஐம்பது மணிகள்: ஆரம்பாக்கம் பக்கத்து இசுசுவும் நம்ம மெக்கானிக்ஸ் பாடமும்

சென்ட்ரலிலிருந்து சூலூர்பேட்டை லோக்கலில் போனவங்களுக்குத் தெரியும். கும்மிடிப்பூண்டியில் பாதிப் பெட்டி காலியாயிடும். அப்புறம் எளாவூர், ஆரம்பாக்கம். அடுத்து தடா வந்தா ஆந்திரா. கிழக்கே பழவேற்காடு ஏரி, நடுவுல தேசிய நெடுஞ்சாலை 16, மேற்கே எல்லை தாண்டினதும் ஸ்ரீசிட்டி. அந்த ஸ்ரீசிட்டியில்தான் இசுசு பிக்அப் வண்டிகள் தயாராகுது.

நம்ம கிளாஸ்ல கார் பேச்சு வந்தா டொயோட்டா, ஹோண்டா, சுசூகியோட முடிஞ்சிடும். இசுசுன்னு சொன்னா "அது லாரி கம்பெனி ஆச்சே ப்ரோ" என்பாங்க. பாதி உண்மைதான். ஆனா அந்தப் பாதி உண்மைக்குப் பின்னாடி நல்ல ஒரு வரலாறு இருக்கு. செகண்ட் இயர்ல நாம மனப்பாடம் பண்ணி எழுதிட்டு வந்த டார்க், உராய்வு, ஸ்பிரிங் எல்லாம் ரோட்டில் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுறதுக்கும் இதைவிட நல்ல வண்டி கிடையாது. முதல்ல கதை, அப்புறம் கணக்கு.

பெயரில் ஓர் ஆறு

ஜப்பானின் இசே ஆலயத்தை ஒட்டி ஓடுற ஆற்றின் பெயர் இசுசு. எழுத்துப்படி பார்த்தா "ஐம்பது மணிகள்" என்று அர்த்தம்.

கம்பெனி தன் தொடக்கமாகச் சொல்வது 1916. டோக்கியோ இஷிகவாஜிமா என்ற கப்பல் கட்டும் நிறுவனம் கார் செய்யலாமான்னு யோசிச்ச வருஷம் அது. 1918-ல் பிரிட்டனின் வோல்ஸ்லி கம்பெனியோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் போட்டு, 1922-ல் வோல்ஸ்லி ஏ-9 காரை ஜப்பானிலேயே செய்து முடிச்சாங்க. 1934-ல் ஒரு லாரி மாடலுக்கு ஆற்றின் பெயரை வைத்தாங்க. 1949-ல் கம்பெனிக்கே அந்தப் பெயர் வந்தது. நடுவுல 1936-லேயே டீசல் இன்ஜின் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க. இதை ஞாபகம் வச்சுக்கங்க. பின்னாடி கம்பெனியைக் காப்பாத்தினது இதுதான்.

அழகான கார்களும் ஒரு கஷ்டமான முடிவும்

"லாரி கம்பெனி" என்பவர்கள் 117 கூப்பே படத்தை ஒரு தடவை தேடிப் பாருங்க. 1968-ல் வந்த கார். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியுஜாரோ. 1963-ல் வந்த பெல்லட், 1974-ல் வந்த ஜெமினி, மறுபடியும் ஜியுஜாரோ கைவண்ணத்தில் 1981-ல் வந்த பியாஸா என்று வரிசையா ஓட்டுறவங்களுக்குப் பிடிச்ச கார்கள் வந்தன. 1971-லேயே ஜெனரல் மோட்டார்ஸ் 34.2 சதவீதப் பங்கு வாங்கியிருந்தது. பிறகு அதே ஜி.எம். பிரிட்டனின் லோட்டஸையும் வாங்க, இசுசு கார்களின் சஸ்பென்ஷனை லோட்டஸ் இன்ஜினியர்கள் டியூன் பண்ணிக் கொடுத்தாங்க. 1989-ல் வந்த லோட்டஸ் எலான் காருக்குள்ளே இருந்தது இசுசுவின் 1.6 லிட்டர் இன்ஜின்!

இன்னொரு சங்கதி. 1991-ல் இசுசு ஃபார்முலா ஒன் பந்தயத்துக்காக 3.5 லிட்டர் வி-12 இன்ஜின் ஒன்றைச் செய்தது. லோட்டஸ் 102சி காரில் பொருத்தி, சில்வர்ஸ்டோனில் ஓட்டியும் பார்த்தாங்க. பந்தயத்தில் மட்டும் அது ஓடவே இல்லை.

காரணம் பணம். கார் நல்லா இருந்தது, விற்பனைதான் இல்லை. பெரிய கம்பெனிகளோட போட்டி போட்டு ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு புது மாடல் இறக்குற சக்தி இவங்களுக்கு இல்லை. 1993-ல் பயணிகள் கார் தயாரிப்பை நிறுத்தினாங்க. லாரி, பிக்அப், டீசல் இன்ஜின்னு தங்களுக்கு ரொம்ப நல்லா வரும் வேலைக்குத் திரும்பினாங்க. அதுக்கப்புறம் ஓப்பல் கார்களின் 1.7 லிட்டர் டீசல், அமெரிக்கப் பெரிய பிக்அப்களின் டியூராமேக்ஸ் டீசல் எல்லாவற்றிலும் இசுசுவின் கை இருந்தது. பேனட் மேல வேற பெயர், பேனட்டுக்குக் கீழே இசுசு.

அம்பாசடருக்குள் ஒரு ஜப்பான்

நம்ம ஊரிலும் இதே கதைதான். இசுசு தன் பெயரில் இங்கே வண்டி விற்கிறதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே நம்ம அப்பா, மாமாக்கள் அதை ஓட்டியிருக்காங்க. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கான்டெஸாவிலும், 1990-களில் அம்பாசடரிலும் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல் இன்ஜினைப் போட்டது. அம்பாசடரின் பழைய 1489 சிசி பிரிட்டிஷ் இன்ஜின் 50 குதிரைத்திறனை ஒட்டித்தான் தரும். இசுசு வந்ததும் அது 75 ஆச்சு. ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர், ஃப்ளோர் கியராகி ஐந்து கியர் ஆனது. பழைய டாக்ஸி டிரைவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்க, "இசுசு இன்ஜின் வண்டியா?" என்று கண் விரியும். அவங்களுக்கு அது கம்பெனிப் பெயரே இல்லை, ஒரு தரச் சான்று.

அதுக்கப்புறம் திருவள்ளூர். 1998-ல் மிட்சுபிஷி லேன்சர் தயாரிக்க ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய ஆலை அது. இசுசு இந்தியாவுக்கு நேரடியா வந்தப்போ, சொந்த ஆலை தயாராகும் வரை எம்.யூ.-7, டி-மேக்ஸ் வண்டிகளை ஒப்பந்த அடிப்படையில் அங்கேதான் பூட்டினாங்க. 2016 ஏப்ரலில் ஸ்ரீசிட்டி ஆலை திறந்தது. தொடக்கத் திறன் வருஷத்துக்கு 50,000 வண்டி. அதே வருஷம் டி-மேக்ஸ் வி-கிராஸும் வந்தது. சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டில் ஒரு பிக்அப் வாங்கலாம் என்பதே அப்போ நிறைய பேருக்குப் புதுசு.

சரி, இப்ப கணக்குக்கு வருவோம்.

பாடம் 1: பவர் பெருசா, டார்க் பெருசா?

2016 வி-கிராஸின் 2.5 லிட்டர் டீசலுக்கு கம்பெனி கொடுத்த எண்கள்: 3600 ஆர்.பி.எம்.-இல் 134 குதிரைத்திறன், அதாவது சுமார் 100 கிலோவாட். டார்க் 320 நியூட்டன் மீட்டர், அதுவும் 1800 முதல் 2800 ஆர்.பி.எம். வரை.

பவர் = டார்க் × கோணத் திசைவேகம். 1800 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 188.5 ரேடியன். 320-ஆல் பெருக்கினா சுமார் 60 கிலோவாட். அதாவது உச்ச பவரில் 60 சதவீதம், பாதி ஆர்.பி.எம்.-லேயே கையில் இருக்கு. 3600-க்குப் போனா பவர் 100 கிலோவாட், ஆனா டார்க் 265-ஆகக் குறைஞ்சிடும்.

இதை ஓட்டுற பாஷையில சொல்றேன். 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் சுமார் 110 நியூட்டன் மீட்டர்தான், அதுவும் 4000 ஆர்.பி.எம். பக்கம் போனாத்தான் முழுசா வரும். அதனால மேம்பாலம் ஏறும்போது கியரைக் குறைச்சு, இன்ஜினைக் கத்தவிட்டு ஏறணும். டி-மேக்ஸில் சுமையோட அதே பாலம் ஏறும்போது பெடலைக் கொஞ்சம் அழுத்தினா போதும், கியர் மாத்தாமலே தள்ளிக்கிட்டுப் போகும். இந்த வண்டியை விரும்புறவங்க சொல்ற சுகம் அதுதான். நூறைத் தொட எத்தனை நொடி என்பது அவங்க கணக்கிலேயே இல்லை.

2021-ல் பி.எஸ்.-6 விதிக்காக இன்ஜின் 1.9 லிட்டராகச் சின்னதாச்சு. ஆனா டார்க் 360-ஆகக் கூடியது. "சிசி பெருசா இருந்தாத்தான் இழுவை" என்ற பழைய நம்பிக்கை டர்போ காலத்தில் செல்லாது என்பதுக்கு இது நல்ல உதாரணம்.

பாடம் 2: இழுக்கிறது இன்ஜின் இல்லை, டயர்

வி-கிராஸில் ஒரு திருகு ஸ்விட்ச் இருக்கும்: 2எச், 4எச், 4எல். 2எச்சில் பின் சக்கரம் மட்டும் தள்ளும். 4எச்சில் நாலும். 4எல் என்பது இன்னொரு குறைந்த கியர் விகிதத்தோட நாலும்.

எளிமைக்காக முதல் கியர் 4, கடைசி விகிதம் 4, டயர் ஆரம் 0.38 மீட்டர் என்று வச்சுக்குவோம். 320 × 4 × 4 = 5120. அதை 0.38-ஆல் வகுத்தா டயர் விளிம்பில் சுமார் 13.5 கிலோநியூட்டன் விசை. ஏரிக்கரை மணலில் இது முழுசா கிடைக்குமா?

வண்டி 1900 கிலோ, காலியா இருக்கு, பின் அச்சில் 40 சதவீத எடை, மணலில் பிடிமான எண் 0.4 என்று வைங்க. பின் அச்சின் எடை 760 கிலோ. 760 × 9.8 × 0.4 = சுமார் 3 கிலோநியூட்டன். அவ்வளவுதான். இன்ஜின் பதிமூன்றரை தரத் தயார், மண் மூன்றுக்கு மேல ஏத்துக்காது. மிச்சம் டயரைச் சுத்தவச்சுக் குழி பறிக்கும். நாலு சக்கரமும் தள்ளினா 1900 × 9.8 × 0.4 = சுமார் 7.5 கிலோநியூட்டன். இரண்டரை மடங்கு. இன்ஜின் அதேதான். வேலை பார்த்தது முழு எடையும்.

அப்போ 4எல் எதுக்கு? மணலில் இழுவையைக் கூட்ட இல்லை. நடை வேகத்தில் நிதானமா ஏற, இன்ஜின் அணையாம ஊர்ந்து போக, செங்குத்தா இறங்கும்போது பிரேக்கை எரிக்காம இறங்க.

ஒரு எச்சரிக்கையும் இதிலேயே இருக்கு. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிடப் பெரிய வட்டத்தில் ஓடும், அதனால வேகமாகச் சுத்தணும். ஆனா 4எச்சில் முன் அச்சும் பின் அச்சும் ஒரே வேகத்தில் பூட்டியிருக்கும். நடுவுல டிஃபரன்ஷியல் கிடையாது. மணலிலும் சேற்றிலும் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிடும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க முடியாது. ஷாஃப்டில் முறுக்கு ஏறிக்கிட்டே போகும், ஸ்டியரிங் கனக்கும், உள்ளே பாகம் போகும். "நாலு வீல்னா சேஃப்டி"ன்னு நெடுஞ்சாலையில் 4எச் போட்டு ஓட்டாதீங்க.

பாடம் 3: காலி வண்டி ஏன் குதிக்குது?

டி-மேக்ஸுக்கு முன்னாடி டபுள் விஷ்போன், காயில் ஸ்பிரிங். பின்னாடி லாரி மாதிரி இலை ஸ்பிரிங், அடியில் ஏணிச் சட்டம். காலியா ஓட்டினா பின் சீட்டில் இருப்பவர் தூக்கிப் போடப்படுவார். தயாரிப்புக் குறை இல்லை, ஃபார்முலா அப்படி.

இயல் அதிர்வெண், ஸ்பிரிங் விறைப்பை நிறையால் வகுத்ததன் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சுமையோட பின்பக்கம் 1500 கிலோ தாங்கும்போது நொடிக்கு 1.3 அதிர்வு வரும்படி ஸ்பிரிங் போட்டா மெத்துன்னு இருக்கும். சுமையை இறக்கினதும் 600 கிலோ. வர்க்கமூலம் 2.5 என்றால் 1.58. அதிர்வெண் 2-க்கு மேல போயிடும். அதான் குதிப்பு. நிஜ இலை ஸ்பிரிங்கின் விறைப்பு சுமையோட மாறும், ஆனா போக்கு இதேதான். சுமை ஏத்தினா சுகமாகுற வண்டி இது.

இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒண்ணு உண்டு. காலி பிக்அப்பில் பின் அச்சு லேசு. பிரேக் பிடிச்சா எடை முன்னாடி சாயும், பின்பக்கம் இன்னும் லேசாகும். ஐப்பசி மழையில் தார் ரோட்டு வளைவுக்குள்ளே திடீர்னு பிரேக் அடிச்சா பின்பக்கம் விலகப் பார்க்கும். ஏ.பி.எஸ். உதவும், ஆனா உராய்வை உண்டாக்காது. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைங்க. நம்மில் பல பேர் வீட்டில் மீனோ காய்கறியோ ஏத்திட்டுப் போய், காலி வண்டியில் அதிகாலையில் திரும்பி வர்ற ஆள் இருக்காங்க. அவங்களுக்கு இந்த ஒரு பாராவைச் சொல்லுங்க.

கடைசியா

ஃபார்முலா ஒன் இன்ஜின் வரை போய்ப் பார்த்துட்டு, "நமக்கு எது நல்லா வருது?" என்று கேட்டு லாரிக்கும் டீசலுக்கும் திரும்பின கம்பெனி இது. 117 கூப்பேயை நேசிச்சவங்களுக்கு அது இன்னைக்கும் வருத்தம்தான். ஆனா அந்த முடிவை எடுக்காம இருந்திருந்தா ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு இசுசு ஆலை வந்திருக்குமா என்பது சந்தேகம்.

போட்டுப் பாருங்க

1. பின்தட்டில் 500 கிலோ ஏத்தி, அது முழுசும் பின் அச்சில் விழுந்தா, அதே மணலில் 2எச் இழுவை எவ்வளவு? 4எச் இழுவை எவ்வளவு? இப்போ ரெண்டுக்கும் இடையே எத்தனை மடங்கு?

2. 360 நியூட்டன் மீட்டர் 2000 ஆர்.பி.எம்.-இல் கிடைத்தா பவர் எத்தனை கிலோவாட்?

3. உங்க வீட்டு வண்டியின் உச்ச டார்க் எந்த ஆர்.பி.எம்.-இல் வருது? கையேட்டில் பார்த்துட்டு, அடுத்த மேம்பாலத்தில் அந்த ஆர்.பி.எம்.-இல் வச்சு ஏறிப் பாருங்க. வித்தியாசம் காலிலேயே தெரியும்.