கத்தியின் கூர் நிலைப்பது எதனால்?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலும், திருச்சிராப்பள்ளியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழை முதன்மையான பயிராகும். இலை அறுக்கவும், சருகு கழிக்கவும், கயிறு வெட்டவும் மடக்குக் கத்தி விவசாயிக்கு இன்றியமையாதது. மழுங்கிய கத்தி இலையைக் கிழிக்கும். கிழிந்த இலைக்குச் சந்தையில் விலை இல்லை. ஆகவே, கத்தி வாங்கும்போது பளபளப்பை மட்டும் நோக்காது, அது எவ்வகை உருக்கினால் ஆனது என்று அறிதல் நலம்.

உருக்கின் கடினத்துக்கு முதற்காரணம் அதிற் கலந்துள்ள கரியாகும். மெல்லிரும்பில் கரி கால் சதவீதத்துக்கு மேல் இராது. எத்துணை தோய்ச்சல் கொடுப்பினும் அதில் கூர் நில்லாது. லாரியின் வில்பட்டையில் கரி அரைச் சதவீதத்துக்குச் சற்று மேல் உண்டு; அது எளிதில் உடையாது; அரிவாளுக்கு ஏற்றது. பழைய அரத்தின் உருக்கில் ஒரு சதவீதத்துக்கு மேல் கரி உண்டு. அதன் கூர் நெடுநாள் நிற்கும். ஆயினும் முரட்டு வேலையில் வாய் உதிரக்கூடும்.

இவை யாவும் துருப்பிடிக்கும். வாழைப்பால் பட்டால் கறுக்கும். துருவேறா உருக்கை 1913-இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி உருவாக்கினார். அதற்குக் காரணம் சுமார் 13 சதவீதம் குரோமியமாகும். மலிவான துருவேறாக் கத்திகளிற் பலவற்றில் கரி குறைவாதலின் விரைவில் மழுங்குகின்றன. 440சி என்னும் வகையில் கரி சுமார் 1 சதவீதமும் குரோமியம் 17 சதவீதமும் உள்ளன, கூர் நிலைக்கும், ஆனால் சாணையில் தீட்டுவது கடினம்.

நல்ல உருக்கும் தோய்ச்சல் தவறினால் பயன்படாது. கரியுருக்கைக் காந்தம் பற்றாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் மிகக் கடினமாகும். கண்ணாடி போல் உடையவும் செய்யும். ஆதலால் அதனை மெருகிட்டு, வைக்கோல் நிறம் தோன்றும்வரை, அதாவது சுமார் 220 டிகிரி சென்டிகிரேட் அளவில், மீண்டும் இளஞ்சூடு காட்ட வேண்டும். நீல நிறம் ஏறவிட்டால் கூர் குறையும். சாணைச் சக்கரத்தில் தீட்டும்போதும் இவ்வாறு நேரிடும். அடிக்கடி நீரில் நனைத்துக் கொள்க.

வெட்டுவாயின் ஓரத்தில் அரத்தை மெல்ல உரசிப் பாருங்கள். அரம் வழுக்கினால் கடினம் உண்டு. பற்றினால் கத்தி மென்மையானது. இரு கத்திகளை ஒப்பிட விரும்புவோர், இரண்டையும் ஒரே சாய்வில் தீட்டி, எத்தனை இலைகளுக்குப் பின் இழுவை தோன்றுகிறது என எண்ணுக.

இவ்வறிவு நமக்குப் புதியதன்று. சேலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் 19-ஆம் நூற்றாண்டிலும் இரும்பையும் ஆவாரங்கட்டையையும் மூசையில் இட்டு மூடிக் காய்ச்சி உருக்கு செய்தனர். இந்திய உருக்கை மைக்கேல் பாரடே 1819-இல் ஆராய்ந்தார். பஞ்சாயத்து உறுப்பினர்கள் தம் ஊர்க் கொல்லருக்கு நல்ல உருக்கும் தோய்ச்சல் எண்ணெயும் கிடைக்க வழி செய்வார்களாயின், விவசாயிகளின் உழைப்பும் பொருளும் மிச்சப்படும்.