மோருக்கும் வயசு உண்டு

பிள்ளையார்பாளையத்துக்கு மருமகளாக வந்த முதல் மாதமே மோர்க்குழம்பைத் திரிய விட்டேன். தறியிலிருந்து எழுந்து சாப்பிட வந்த கணவர் தட்டில் மஞ்சள் தண்ணீர் தனி, திப்பி தனி. மாமியார் திட்டவில்லை. "மோர் எப்போ கடைஞ்சதுன்னு பாத்தியாம்மா?" என்றார். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துத்தான் அன்றைய சமையலையே அவர் முடிவு செய்வார். சித்திரையில் மதியத்துக்குள் புளித்துவிடும் மோர், மார்கழியில் மறுநாளும் இனிக்கும். அதனால் கடிகாரத்தை நம்பக் கூடாது.

புளிக்காததை நீர்மோருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லேசாகப் புளித்தது மோர்க்குழம்புக்கு. 1 டம்ளர் கெட்டி மோரில் 1 டீஸ்பூன் பச்சரிசி மாவைக் கரைத்துவிட்டால், மோரிலுள்ள புரதம் சூட்டில் திரளாமல் அது காக்கும். "இழை பிசிறாம இருக்கப் பாவுக்குக் கஞ்சி, மோர் திரியாம இருக்கக் குழம்புக்கு மாவு" என்பார் மாமியார். தீ சிறியதாக இருக்கட்டும். ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குங்கள். நான் கொதிக்கவிட்டதுதான் தப்பு.

நன்றாகப் புளித்தது மோர்க்களிக்கு. 1 பங்கு அரிசி மாவு, 3 பங்கு மோர், உப்பு. நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, மோர்மிளகாய், பெருங்காயம் தாளித்து, கரைசலை ஊற்றிக் கைவிடாமல் கிளறுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக் கூடாது, அதுதான் பதம். தறி வேலை நெருக்கும் நாளில் இதுதான் கைகொடுக்கும்.

அதே புளிப்புதான் கேக்குக்கும். மகள் பிறந்தநாளுக்குச் செய்முறையில் 'பட்டர்மில்க்' என்றிருந்ததைப் பார்த்து வீட்டு நீர்மோரை ஊற்றினேன். கேக் அடை மாதிரி அமுங்கிப்போனது. அவர்கள் சொல்வது கெட்டியான புளித்த மோர். முக்கால் கப் புளித்த தயிரில் கால் கப் தண்ணீர் விட்டுக் கடைந்தால் அந்தப் பதம் வரும். அந்த 1 கப்புக்கு அரை டீஸ்பூன் சமையல் சோடா போதும். கூடினால் சோப்பு வாடை. புளிப்பும் சோடாவும் சேர்ந்த நொடியே வாயு கிளம்பிவிடும், அதுதான் கேக்கை உப்ப வைப்பது. அதனால் கலந்த மாவைக் காக்க வைக்காமல் சூடேறிய அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.

வாய் வைக்க முடியாதபடி புளித்ததையும் கொட்ட வேண்டாம். உப்புப் போட்டுக் கீறிய பச்சைமிளகாயை ஊறவிடுங்கள். பகலில் மிளகாய்க்கு வெயில், இரவில் மீண்டும் அதே மோர். சில நாளில் மோர் முழுக்க மிளகாய்க்குள் போய்விடும். பிறகு சலசலவென்று காயவைத்து எடுத்தால், அடுத்த மோர்க்களிக்குத் தாளிப்பு தயார்.