பெயரும் பெருமையும்

நுழையும் முன்

பிறந்த ஊரில் ஒரு மொழியும் வீட்டில் வேறொரு மொழியும் பேசி வளரும் பிள்ளைகளை நோக்கி, "நீ எந்த ஊர்?" என்னும் வினா அடிக்கடி எழும். அவ்வினாவுக்கு நாணமும் சினமும் இன்றி விடை கூற அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

மாணவர்களே! சில ஆண்டுகளுக்கு முன் என் தமிழ் வகுப்பில் படித்த மாணவன் ஒருவன், ஒரு நாள் வாடிய முகத்துடன் வந்தான். "ஐயா, விளையாட்டுத் திடலில் என்னைப் 'பாண்டி' என்று கேலி செய்தார்கள். இனி வெளியில் தமிழ் பேசமாட்டேன்" என்றான். அன்று அவனுக்கு ஏற்ற விடை எனக்கு உடனே தோன்றவில்லை. அன்று கூறத் தவறியதை இப்பாடத்தில் கூறுகிறேன்.

பழிச்சொல் பெருமைப் பெயரானது

பாண்டி என்பது பாண்டிய நாட்டைக் குறிக்கும் சொல். மதுரையைத் தலைநகராகக் கொண்டு தமிழ் வளர்த்த நாட்டின் பெயரில் என்ன இழிவு இருக்க முடியும்? இழிவு சொல்லில் இல்லை. அதனைச் சொல்பவரின் நோக்கத்திலேயே உள்ளது.

இத்தகைய பழிச்சொல்லைக் கேட்டு வளர்ந்த மக்கள் அமெரிக்காவிலும் உண்டு. 1848ஆம் ஆண்டு மெக்சிகோ நாடு போரில் தோற்றது. கலிபோர்னியா உள்ளிட்ட அதன் பெருநிலப்பரப்பு, உடன்படிக்கையின் வழியே அமெரிக்காவின் வசமாயிற்று. அங்கு வாழ்ந்த மெக்சிகோ மக்கள் தம் வீட்டைவிட்டு நகரவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிச் சென்றது. பின்னாளில் பண்ணை வேலைக்காகவும் பலர் மெக்சிகோவிலிருந்து வந்தனர். அவர்களை இழித்துரைக்க வழங்கிய சொற்களுள் ஒன்று 'சிக்கானோ'. 1960களில் இளைஞர்கள் அச்சொல்லையே தங்கள் பெயராக ஏற்று, சம உரிமை கேட்டு எழுந்தனர். 1968ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கிழக்குப் பகுதியில் ஆயிரக்கணக்கான மாணவர்கள் வகுப்பைவிட்டு வெளியேறினர். தங்கள் மொழிக்கும் வரலாற்றுக்கும் பள்ளியில் இடம் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளுள் ஒன்று. கேட்டவர்கள் உங்களைப் போன்ற பிள்ளைகள் என்பதை மறவாதீர்கள்.

எல்லை இடம்பெயர்ந்த நாள்

எல்லைக்கோடு மக்களைத் தாண்டிச் சென்ற வரலாறு நமக்கும் உண்டு. இன்று தமிழ்நாட்டில் உள்ள பத்மநாபபுரம், முற்காலத்தில் திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியது. அந்நாட்டில் மலையாளமும் தமிழும் அருகருகே வழங்கின. விடுதலைக்குப் பின், தமிழர் மிகுந்து வாழும் பகுதிகளைத் தமிழகத்தோடு இணைக்க வேண்டுமெனத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. அதன் தலைவர்களுள் முதன்மையானவர் மார்ஷல் நேசமணி. 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டம், புதுக்கடை ஆகிய இடங்களில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர்கள் பலர் உயிர் நீத்தனர்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழி அமைந்தன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. எந்தக் கோட்டை எப்படி வரைந்தாலும் இருபுறமும் சிறுபான்மையினர் எஞ்சுவர். இதனை உணர்ந்தே, அதே ஆண்டில் அரசமைப்புச் சட்டத்தில் 350 அ பிரிவு சேர்க்கப்பட்டது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க மாநிலங்கள் முயலவேண்டும் என்பது அப்பிரிவின் கருத்து. ஆகவே, கேரளத்தில் தமிழ் கற்பது எவரும் இரங்கி அளித்த சலுகை அன்று. அது நம் உரிமை.

தேயிலை மலையில் எழுந்த குரல்

மூணாறு மலைச்சரிவுகளில் தேயிலை பறிக்கும் பெண்கள் பலர் தமிழர். அவர்களின் முன்னோர் தமிழக மாவட்டங்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துவரப்பட்டவர்கள். தலைமுறை பல கடந்தும் அவர்களுள் பலர் லயங்களின் சிற்றறைகளிலேயே வாழ்கின்றனர்.

2015ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், குறைக்கப்பட்ட போனஸை 20 விழுக்காடாக்க வேண்டும், 232 ரூபாய் நாட்கூலியை 500 ரூபாயாக்க வேண்டும் எனக் கேட்டு அப்பெண்கள் ஆயிரக்கணக்கில் சாலையில் அமர்ந்தனர். தொழிற்சங்கத் தலைவர்களை விலக்கிவைத்துத் தாமே போராட்டத்தை நடத்தினர். தம் போராட்டத்துக்கு அவர்கள் சூட்டிய பெயர் 'பெம்பிளை ஒருமை'. ஏட்டுத் தமிழை நாடாது, தம் வாய்மொழியிலேயே பெயரிட்டனர். 9 நாள்களில் 20 விழுக்காடு கிடைத்தது. நாட்கூலி பின்னர் 301 ரூபாயாக உயர்ந்தது, 500 ஆகவில்லை. கேட்டது முழுதும் கிடைக்காவிடினும், தமக்காகத் தாமே பேச முடியும் என்பதை அவர்கள் உலகுக்குக் காட்டினர்.

கலிபோர்னியாவின் திராட்சைத் தோட்டங்களிலும் 1965ஆம் ஆண்டில் இவ்வாறே ஒரு வேலைநிறுத்தம் தொடங்கியது. முதலில் பிலிப்பைன்ஸ் வழித் தொழிலாளர் எழுந்தனர். சில நாள்களில் மெக்சிகோ வழித் தொழிலாளர் உடன் நின்றனர். 5 ஆண்டுகளுக்குப் பின்னரே வெற்றி கிட்டியது. அதனை வழிநடத்தியோருள் டொலோரஸ் உவெர்த்தா என்னும் பெண்மணியும் ஒருவர். தாய்மொழி வேறானாலும் உழைப்போர் ஒன்றுகூடலாம் என்பது அப்போராட்டம் தரும் பாடம்.

இரு மொழிக்கும் உரியவர்

தமிழ் இந்நகருக்குப் புதிதாக வந்த விருந்தாளி அன்று. தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றிய பேராசிரியர் சுந்தரனார் பிறந்தது ஆலப்புழையில், பணியாற்றியது திருவனந்தபுரத்தில். இந்நகரில் பிறந்த நீல பத்மநாபன் தமிழிலும் மலையாளத்திலும் எழுதியவர். சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திய ஆ. மாதவன் பள்ளியில் கற்றது மலையாளம். தமிழைத் தம் முயற்சியால் கற்று, அக்கடைத்தெரு மனிதர்களைத் தமிழ்ச் சிறுகதைகளில் வாழவைத்தார். 2015ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவரைத் தேடி வந்தது. ஒரு மொழியை நேசிக்க மற்றொன்றை வெறுக்க வேண்டியதில்லை என்பதற்கு இவர்கள் வாழ்வே சான்று.

ஆகவே, அம்மாணவனுக்கு இன்று நான் கூறுவது இது: "தம்பி, பாண்டி நாடு உன் முன்னோர் நாடு; திருவனந்தபுரம் நீ பிறந்த ஊர். இரண்டும் உன்னுடையவை. எதற்கும் தலைகுனியாதே."

இன்னும் ஒன்று. அசாம், ஒடிசா, பீகார் எனப் பல மாநிலங்களிலிருந்து வந்து இங்கே வீடு கட்டுவோரையும் சாலை போடுவோரையும், ஊர் கேளாமல் 'பங்காளி' என்று ஒரே பெயரால் அழைக்கிறோம். வங்காளி என்னும் பொருளில் மலையாளத்தில் வழங்கும் சொல் அது. நம்மை வருத்திய பிழையை நாமே பிறர்க்குச் செய்யலாமா? தமிழில் பங்காளி என்றால் உரிமையில் பங்குடைய உறவினன் என்று பொருள். அழைப்பதானால், அப்பொருளில் அழைப்போம்.

அருஞ்சொற்பொருள்

பழிச்சொல் – இகழ்ந்து கூறும் சொல்
கங்காணி – தோட்டத் தொழிலாளரைத் திரட்டி மேற்பார்ப்பவர்
லயம் – தோட்டத் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பு
சான்று – ஆதாரம்

பயிற்சி

1. 'எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிச் சென்றது' – இத்தொடரை இரு நிகழ்வுகளைக் கொண்டு விளக்குக.
2. பெம்பிளை ஒருமை என்னும் பெயரின் சிறப்பு யாது?
3. உங்கள் குடும்பம் திருவனந்தபுரத்திற்கு வந்த வரலாற்றைத் தாத்தா பாட்டியிடமோ பெற்றோரிடமோ கேட்டு, பத்து வரிகளில் எழுதுக.
4. வேற்று மாநிலத் தொழிலாளர் ஒருவரிடம் அவர் பெயர், ஊர், தாய்மொழி ஆகியவற்றைக் கேட்டறிந்து, அவர் மொழியில் 'நன்றி' கூறக் கற்று வருக.