பழைய லாரியின் பூர்வீகம் காண்பது எப்படி?

கொங்கு நாட்டில் லாரியைப் பற்றிக் கட்டுரை எழுதுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி என்று எந்தப் பக்கம் போனாலும் லாரியால் பிழைக்கும் குடும்பங்கள். இதைப் படிக்கும் மாணவர்களில் பலருக்கு அப்பாவோ மாமாவோ ஸ்டீயரிங் பிடித்தவராகவோ பட்டறை வைத்தவராகவோ இருப்பார். அப்படிப்பட்ட ஊரிலும், தோட்டத்து மூலையில் நிற்கும் ஒரு பழைய வண்டியைக் காட்டி, "ஏனுங்க, இது எந்த வருஷத்து வண்டி?" என்று கேட்டுப் பாருங்கள். "அது எங்க அப்பாரு காலத்து வண்டிங்க. பென்ஸுங்க" என்பார்கள். அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. என்ன மாடல், என்ன இன்ஜின், கம்பெனியை விட்டு வரும்போது எத்தனை டன் வண்டி என்பதையெல்லாம் அந்த வண்டியையேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 1920-ல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். பிறகு 1945-ல் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கைத் தொடங்கியவரும் அவரே. அந்தக் காலத்திலிருந்து நம் பகுதியின் பஞ்சு, மஞ்சள், நிலக்கடலை எல்லாம் மோட்டார் வண்டியில்தான் வெளியூர் போயின. ஆனால் இன்று மிஞ்சி நிற்பது பெரும்பாலும் கார்கள்தான். அவினாசி ரோட்டில் 2015 முதல் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது. போய்ப் பார்க்காதவர்கள் அவசியம் பார்க்க வேண்டும். கார் வயசானால் ஷெட்டுக்குப் போகிறது. லாரி வயசானால் எடை மேடைக்குப் போகிறது, இரும்பு விலைக்கு.

சட்டமும் லாரிக்குக் கை கொடுக்கவில்லை. 2021-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனிப் பதிவு முறை கொண்டுவந்தார்கள். வண்டிக்கு 50 வயதுக்கு மேல் ஆகியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் பழைய நிலையிலேயே இருக்க வேண்டும். இது இரு சக்கர வண்டிகளுக்கும் சொந்த உபயோகத்துக்கான நான்கு சக்கர வண்டிகளுக்கும்தான். பாரம் சுமந்த லாரி அதில் வராது. ஆகவே ஒரு பழைய லாரியைக் காப்பாற்ற நினைப்பவர் கையில் இருக்கக்கூடிய ஒரே ஆயுதம் ஒழுங்கான பதிவுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம். லாரியின் ஒரிஜினல் நிலை என்றால் என்ன? வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்தால், கம்பெனி வெளியிட்ட விவரக் குறிப்பில் உள்ளதுதான் ஒரிஜினல் என்று இருக்கும். நம் ஊர் லாரிக்கு அது பாதிதான் பொருந்தும். ஏனென்றால் நம் லாரிகளில் பெரும்பாலானவை பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலையை விட்டு வெறும் சேஸிஸாகத்தான் வந்தன. முன்னால் ஒரு கௌல், அதற்குள் இன்ஜின், பின்னால் இரண்டு லாங் மெம்பர், அவ்வளவுதான். டிரைவர் ஒரு மரப் பலகையின் மேல் உட்கார்ந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, மழையிலும் வெயிலிலும் நூற்றுக்கணக்கான மைல் ஓட்டி வந்து சேர்ப்பார். கேபினும் பாடியும் இங்கே பட்டறையில் ஆசாரிகள் கட்டியவை. ஆக, ஒரு லாரிக்குப் பிறப்பு இரண்டு. ஒன்று ஜாம்ஷெட்பூரிலோ எண்ணூரிலோ. இன்னொன்று நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ. முதல் பிறப்புக்குக் கம்பெனிப் புத்தகம் உண்டு. இரண்டாவதற்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது.

முதல் பிறப்பை முதலில் பார்ப்போம். வண்டியில் எது சுலபமாக மாறுமோ அதைக் கடைசியாக நம்ப வேண்டும். எது மாற்றக் கஷ்டமோ அதை முதலில் நம்ப வேண்டும். கிரில்லும் பெயர்த் தகடும் ஒரு ஸ்பானர் வேலை. சேஸிஸ் நம்பர் அப்படியல்ல. பெரும்பாலும் லாங் மெம்பரின் முன்பகுதியில், ஸ்பிரிங் பிராக்கெட் அருகே அடித்திருப்பார்கள். நாற்பது வருஷத்துக் கிரீஸையும் பெயிண்டையும் தின்னர் போட்டு மெதுவாக எடுங்கள். தயவுசெய்து கிரைண்டரைக் கொண்டு போகாதீர்கள். எழுத்தும் போய்விடும், உங்கள் மேல் சந்தேகமும் வரும். சுத்தம் செய்த இடத்தில் மெல்லிய தாளை வைத்து பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். ஆர்.டி.ஓ. ஆபீசில் எடுக்கிற அதே பென்சில் பிரிண்ட்தான். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகூடத் தாளில் வந்துவிடும்.

அடுத்தது இன்ஜின். இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். டாடாவில் 692 என்றும் 697 என்றும் சொல்கிறோமே, அதன் பொருள் என்ன? முதல் எண் 6 சிலிண்டர். அடுத்த இரண்டு எண்கள் போர் அளவு மில்லிமீட்டரில். 697-ன் போர் 97, ஸ்ட்ரோக் 128. கணக்குப் போட்டால் 5,675 சி.சி. வரும். 692-ன் போர் 92, ஸ்ட்ரோக் 120. சுமார் 4,790 சி.சி. இதற்கெல்லாம் மூத்தது பென்ஸின் ஓ.எம். 312. அதன் போர் 90, ஸ்ட்ரோக் 120, 4,580 சி.சி. போரை அளந்தாலே தலைமுறை தெரிந்துவிடும். ஆனால் இதே கணக்கை லேலண்டில் போட்டால் தவறு. அங்கே 350, 370, 400 என்பவை போர் அல்ல, மொத்தக் கொள்ளளவு, கன அங்குலத்தில். ஒரு கன அங்குலம் 16.387 சி.சி. என்று பெருக்கினால் 400 என்பது ஏறக்குறைய ஆறரை லிட்டர். சிம்சன் தயாரித்த பெர்கின்ஸ் 6.354-ல் இரண்டும் கலந்திருக்கும்: 6 சிலிண்டர், 354 கன அங்குலம். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. பாஷை தெரியாமல் எண்ணைப் படிக்கக்கூடாது.

வண்டியின் மாடல் எண்ணும் அப்படியே. டாடா 1210 என்றால் மொத்த எடை 12 டன் வகுப்பு, 100 குதிரைத் திறன் வகுப்பு. பின்னால் 42 என்று இருந்தால் வீல்பேஸ் ஏறக்குறைய 4.2 மீட்டர். இது ஜெர்மன்காரர்களிடமிருந்து வந்த வழக்கம். டெல்கோ 1954-ல் டெய்ம்லர் பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி கட்டத் தொடங்கியது. 1969-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தபின் மூன்று முனை நட்சத்திரம் போய்விட்டது. ஆனால் நம்ம டிரைவர்கள் வாயிலிருந்து 'பென்ஸ்' போகவில்லை. அதனால்தான் 'பென்ஸுங்க' என்ற பதிலை வைத்து வருஷம் சொல்ல முடியாது. லேலண்டிலும் இதுபோல ஓர் எல்லைக்கோடு உண்டு. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது 1955-ல். அந்தப் பெயர் பொறித்த தகடு அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

தகடே இல்லாத வண்டியை என்ன செய்வது? மரை சொல்லும். நம் மாணவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது இதுதான்: திரெட் கேஜை எடுத்துக்கொண்டு சேஸிஸுக்கு அடியில் படுங்கள். அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 20 மரை என்றால் யு.என்.எஃப்., 16 மரை என்றால் பி.எஸ்.எஃப்., 12 என்றால் விட்வொர்த். விட்வொர்த்துக்கும் பி.எஸ்.எஃப்.-க்கும் மரைக் கோணம் 55 டிகிரி, மற்றவற்றுக்கு 60. மில்லி அளவாக இருந்தால் பென்ஸ் வழி வந்தது, பி.எஸ்.எஃப். என்றால் பழைய இங்கிலாந்து வழி, யு.என்.எஃப். என்றால் அமெரிக்க வழியாகவோ பிற்கால இங்கிலாந்து வழியாகவோ இருக்கலாம். ஒரு போல்ட்டைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள், அது நேற்று மாற்றியதாக இருக்கும். பத்து இடத்தில் பாருங்கள், முக்கியமாக யாரும் கழற்றாத இடத்தில்.

கோயமுத்தூர்க்காரர்களுக்கு வார்ப்படம் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிளாக்கில் மேடாக எழும்பி நிற்கும் எண் பேட்டர்னிலிருந்து வந்தது; அது அந்தப் பாகத்தின் எண். பள்ளமாக அடித்த எண்தான் அந்த ஒரு இன்ஜினுக்கே உரிய எண். இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதினால் தேடல் எங்கோ போய் நிற்கும். பழைய செவர்லே பிளாக்கில் இன்னொரு வசதி உண்டு. வார்த்த தேதியே அதில் இருக்கும்: ஏ முதல் எல் வரை ஓர் எழுத்து மாதத்துக்கு, பிறகு நாள், கடைசியாக வருஷத்தின் கடைசி இலக்கம். சி 15 4 என்றால் மார்ச் 15, நான்கில் முடியும் வருஷம். அது 1944-ஆ 1954-ஆ என்பதை மற்ற அடையாளங்கள் சொல்லும்.

1944 என்றதும் இரண்டாம் உலகப் போர் வண்டிகள் ஞாபகம் வருகின்றன. கனடாவில் செய்த ஃபோர்டு, செவர்லே ராணுவ லாரிகள் போர் முடிந்ததும் இந்தியாவில் ஏலத்தில் விற்கப்பட்டு, பஸ்ஸாகவும் லாரியாகவும் ஓடின. மூக்கு சப்பையான வண்டி. முன் வலைக் கம்பி சதுரமாக இருந்தால் ஃபோர்டு, சாய்சதுரமாக இருந்தால் செவர்லே. எஃப் 60 எல், சி 60 எல் என்ற பெயர்களில் 60 என்பது 60 ஹண்டர்வெயிட், அதாவது 3 டன். எல் என்பது 158 அங்குல நீள வீல்பேஸ்.

இவ்வளவையும் ஒரே வண்டியில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சங்ககிரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நின்ற லாரி. கிரில்லில் ஃபார்கோ என்று இருந்தது. ஊர்க்காரர்கள் "டாட்ஜு" என்றார்கள். இதில் சண்டையே இல்லை: பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கட்டிய டாட்ஜ், ஃபார்கோ, டி சோட்டோ மூன்றும் கிறைஸ்லர் குடும்பத்துப் பிள்ளைகள், அடிப்படையில் ஒரே வண்டிக்கு மூன்று பெயர். இன்ஜினைத் திறந்தால் பெர்கின்ஸ் பி 6. போர் மூன்றரை அங்குலம், ஸ்ட்ரோக் 5 அங்குலம், சரியாக ஒத்துப்போனது. ஆனால் இன்ஜின் தாங்கிகள் கையால் வெட்டி வெல்டிங் செய்தவை. கம்பெனி வைத்த தாங்கிகளின் ரிவெட் துளைகள் பக்கத்திலேயே காலியாக இருந்தன. பெட்ரோல் வண்டியாகப் பிறந்து, பிறகு டீசலுக்கு மாறியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா? வீல்பேஸ், ஆர்.சி.யில் எழுதியிருந்ததைவிட இரண்டடி அதிகம். லாங் மெம்பரின் உட்புறம் தடவிப் பார்த்தால் ஒட்டுப் பிளேட். கம்பெனி கிராஸ் மெம்பர்கள் ரிவெட்டில், ஒட்டு மட்டும் போல்ட்டில்.

டிஃபரென்ஷியலையும் பார்த்தோம். இரண்டு பின் சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கி, சேர்ந்தாற்போல் ஒரு சுற்று சுற்றி, ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். ஒரு சக்கரத்தை மட்டும் சுற்றினால் பாதிக் கணக்குதான் வரும், ஜாக்கிரதை. ஹவுஸிங் திறந்திருந்தால் பல்லை எண்ணிவிடலாம்: பினியனில் 6, க்ரவுனில் 41 என்றால் 6.83.

வண்டிக்காரரின் மகன் கேட்டார்: "சார், பெர்கின்ஸை எடுத்துட்டு பழைய பெட்ரோல் இன்ஜினே தேடிப் போட்டுடலாங்களா? ஒரிஜினலா இருக்குமில்லீங்க?" என் அபிப்பிராயம், வேண்டாம் என்பதே. அந்த வண்டி சம்பாதித்ததெல்லாம் டீசலில்தான். டீசல் மாற்றம் நம் ஊர் மெக்கானிக்குகள் செய்த பெரிய வேலை. அதைக் கழற்றிப் போட்டால் கம்பெனிப் புத்தகத்தோடு ஒத்துப்போகும், நம் ஊர் சரித்திரம் போய்விடும். கம்பெனி நிலை இது, மாற்றம் இது என்று இரண்டையும் எழுதி வைப்பதே முறை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பாருதானுங்க அந்த இன்ஜின் போட்டது. இருக்கட்டுங்க" என்றார்.

காகிதங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.சி. புத்தகத்தில் சிலிண்டர் எண்ணிக்கை, குதிரைத் திறன், மாடல் அல்லது வீல்பேஸ், வெற்று எடை, டயர் அளவு எல்லாம் இருக்கும், முதல் ஆர்.சி. கிடைத்தால் தங்கம். மொத்த எடையை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. 1996-ல் இரண்டு ஆக்சில் லாரிக்கு 16.2 டன் என்றும், 2018-ல் 18.5 டன் என்றும் அரசு உச்சவரம்பை நிர்ணயித்தது. காகிதத்தில் எண் கூடினால் அச்சு தடிமனாகிவிடாது. உதிரிபாகப் பட்டியல் புத்தகங்களைப் பழைய ஸ்பேர் கடைகளின் பரணில் தேடுங்கள், ஒர்க்‌ஷாப் மானுவலைவிட அதுதான் பயன்படும். இங்கிலாந்தில் லேலண்ட் ஊரிலேயே வணிக வாகன அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய லேலண்ட் ஆவணங்களை அங்கே பாதுகாக்கிறார்கள். சேஸிஸ் நம்பரோடு எழுதினால்தான் பிரயோஜனம்.

இனி இரண்டாவது பிறப்பு, அதாவது பாடி. இதற்கு எந்த நாட்டிலும் ஆவணம் கிடையாது. என்ன மரம், பலகை எத்தனை அங்குலம், கேபின் கதவுக்குக் கீல் முன்னாலா பின்னாலா, கொக்கியும் தாழ்ப்பாளும் கொல்லுப் பட்டறையில் அடித்ததா கடையில் வாங்கியதா, பெயிண்டைச் சுரண்டினால் அடியில் எத்தனை நிறம் — இவற்றை இப்போதே அளந்து, படம் வரைந்து, போட்டோவோடு எழுத வேண்டும். கட்டிய ஆசாரிகளில் பலர் இன்று எழுபதைத் தாண்டியவர்கள். அவர்களிடம் போகும்போது டேப்போடு போங்கள், கேள்வித்தாளோடு போகாதீர்கள். சங்ககிரி ஃபார்கோவின் கேபினைக் கண்ட ஒரு பெரியவர் கதவின் மேல் வளைவை விரலால் தடவிவிட்டு, "இது திருச்செங்கோட்டு வேலை. எங்க ஊர்ல இப்படி வளைக்க மாட்டோம், கண்ணு" என்றார். எந்தக் கேட்லாக்கில் இது இருக்கும்?

இதற்கான பதிவுத் தாள் ஒன்று தயாரித்திருக்கிறேன்: முன்பக்கம் சேஸிஸ், இன்ஜின், பின்பக்கம் பாடி. ஆட்டோ லேபில் இருக்கிறது. பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கிக்கொண்டு போங்கள். பென்சில் 2பி-யாக இருக்கட்டும்.