பழைய பிரிட்டிஷ் மோட்டாரைப் பார்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

செர்டாங் மாயெப்ஸ் வளாகத்தில் ஆர்ட் ஆஃப் ஸ்பீட் கண்காட்சி நடக்கும்போது பி.எஸ்.ஏ., நார்ட்டன், டிரையம்ஃப் எல்லாம் பார்க்கப் போகிறோம் என்கிறீர்கள். சந்தோஷம். குரோம் பளபளப்பைப் படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. கிள்ளான் பிள்ளைகள் கொமுட்டரில் கே.எல். சென்ட்ரல் வந்து ரயில் மாறி, செர்டாங்கில் இறங்கி கிரேப் பிடியுங்கள். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு ஸ்டேஷன் பக்கத்திலேயே. காலையிலேயே போய்விடுங்கள். கூட்டம் சேர்ந்துவிட்டால் வண்டிக்காரருக்கு நின்று பேச நேரம் இருக்காது. அந்தப் பேச்சுக்காகத்தான் நீங்கள் போகவேண்டும்.

2. கேட்காமல் தொடாதீர்கள், ஏறி உட்காராதீர்கள். பெல்ட் பக்கிள் உரசினால் டேங்க் பெயிண்ட் போச்சு.

3. நம்பர் பிளேட்டைப் படியுங்கள். 1974 பிப்ரவரி 1-இல் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசமானது. அதற்குப் பிறகுதான் 'டபிள்யூ' வந்தது. அதற்கு முன் தலைநகர வண்டிக்கும் சிலாங்கூரின் 'பி'தான். பழைய 'பி' நம்பரோடு ஒரு வண்டி நின்றால், யார் வாங்கியது, யார் கைக்கு மாறியது என்று உடையவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்.

4. எஞ்சின் நம்பரையும் ஃபிரேம் நம்பரையும் ஒப்பிட்டுவிட்டு, "ரெண்டும் வேற, இது ஒரிஜினல் இல்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். 1960களின் நடுப்பகுதி வரை பி.எஸ்.ஏ. தொழிற்சாலையே இரண்டுக்கும் வேறு வேறு எண்தான் போட்டது. இது தெரியாமல் நல்ல வண்டியைக் குறை சொன்னால், அதைப் பல வருஷம் காப்பாற்றியவர் மனம் புண்படும்.

5. கூட்டம் மொய்க்கும் பெரிய வண்டிகளைத் தாண்டி, ஓரத்தில் நிற்கும் பி.எஸ்.ஏ. பேண்டம் பக்கம் வாருங்கள். 1948-இல் வந்த 125 சிசி டூ ஸ்ட்ரோக். போரில் தோற்ற ஜெர்மனியிடமிருந்து ஈடாகப் பெற்ற டி.கே.டபிள்யூ. வடிவமைப்பை வைத்துச் செய்தது. 1955-இல் யமஹா செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதே ஜெர்மன் வண்டியைப் பார்த்துச் செய்ததுதான். நம் வீட்டு வாசலில் நிற்கும் யமஹாவுக்கும் இதற்கும் இப்படி ஓர் உறவு இருக்கிறது. என்னைக் கேட்டால் கண்காட்சியில் அதிக நேரம் நிற்கவேண்டிய இடம் இதுதான்.

6. ராயல் என்ஃபீல்ட் புல்லட்டை "இந்திய வண்டி" என்று தள்ளாதீர்கள். பிறந்தது இங்கிலாந்தின் ரெடிட்ச்சில். 1950களின் நடுப்பகுதியிலிருந்து சென்னையில் தயாரானது. அங்குள்ள திருவொற்றியூர்த் தொழிலாளிகள் விடாமல் செய்ததால்தான், இங்கிலாந்தில் தொழிற்சாலை மூடிய பின்னும் அந்தப் பெயர் உயிரோடு இருந்தது. தமிழ்க் கைகள் காப்பாற்றிய பிரிட்டிஷ் வண்டி அது. பெருமையாகச் சொல்லுங்கள்.

7. அடியில் எண்ணெய் சொட்டினால் சிரிக்காதீர்கள். அந்த எஞ்சின்களின் கீழ்ப்பெட்டி நெட்டுவாக்கில் இரண்டாகப் பிரியும். இணைப்பு எண்ணெய்க்குள்ளேயே இருப்பதால் கசியும். பல வண்டிகளில் எண்ணெய் தனி டேங்கில் இருக்கிறது. வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தினால் அது மெல்ல எஞ்சினுக்குள் இறங்கிவிடும். அடியில் தகரத் தட்டு வைத்திருப்பவர் விவரம் தெரிந்தவர், அவரிடம் பேசுங்கள்.

8. வண்டிக்காரர் ஸ்டார்ட் செய்வதைக் கட்டாயம் பாருங்கள். ஏமல் கார்புரேட்டரில் பெட்ரோல் கசியும்வரை பொத்தானை அழுத்துவார், லீவரால் ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவார், பிறகுதான் கிக். தானே தீப்பொறி தரும் மேக்னெட்டோ உள்ள வண்டிக்கு பேட்டரி செத்தாலும் கவலையில்லை. ஓட்டிப் பார்க்கச் சொன்னால் கவனம்: கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பழக்கதோஷத்தில் பிரேக் என்று கியரை மிதித்துவிடுவீர்கள். முதலில் காலி இடத்தில் பழகுங்கள்.

9. வாங்கும் ஆசை வந்தால், முன்பணம் கொடுக்குமுன் வண்டியின் பதிவு ஆவணமான கிராண்டைக் கேளுங்கள். அதிலுள்ள எண்களை வண்டியில் உள்ளவற்றோடு நீங்களே சரிபாருங்கள். கிராண்ட் இல்லாத வண்டியை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவானாலும். வாங்கிவிட்டால், அன்றைக்கே கடைகளில் இந்த வண்டிகளின் நட்டுக்குப் பொருந்தும் விட்வொர்த் ஸ்பானர் செட் தேடுங்கள். மில்லிமீட்டர் ஸ்பானர் போட்டுத் திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும்.