இலவச வை-ஃபை: செலவா, மூலதனமா?

வாடிக்கையாளர் நம் கடைக்குள் நுழைய ஒரு காரணம் வேண்டும். ஹட்டனில் சிறிய தேநீர்க் கடை நடத்தும் எனக்கு அந்தக் காரணமாக அமைந்தது வை-ஃபை.

டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலைப் பருவம். ரயிலில் வந்திறங்கி, நல்லதண்ணி பஸ்ஸுக்காகக் காத்திருக்கும் வெளிநாட்டவர் பலர். உள்ளூர் சிம் வாங்காதவர்கள் முதலில் தேடுவது இணைய இணைப்பைத்தான். 'இலவச வை-ஃபை' என்று வாசலில் பலகை வைத்தேன். பிளேன்டீக்கு வந்தவர்கள் ரொட்டியும் கேட்டு அமர்ந்தார்கள்.

இது புதிய வழியல்ல. ஸ்டார்பக்ஸ் நிறுவனம் 2010 ஜூலையிலேயே தன் அமெரிக்கக் கடைகளில் வை-ஃபையை இலவசமாக்கியது.

ஆனால் நான் ஒரு தவறு செய்தேன். கடைக் கணினிக்குரிய கடவுச்சொல்லையே எல்லோருக்கும் கொடுத்தேன். மாதம் முடியுமுன் டேட்டா தீர்ந்தது. கொழும்புக்கு அனுப்பவேண்டிய சரக்கு ஓடர் அன்று போகவில்லை. கணக்குகள் இருந்த கணினியும் அந்நியர்களோடு ஒரே இணைப்பில் இருந்ததைப் பிறகுதான் உணர்ந்தேன்.

ஆகவே வியாபாரிகளே, மூன்று விடயங்களைக் கவனியுங்கள்:

1. ரவுட்டரில் விருந்தினருக்கான 'கெஸ்ட் நெட்வேர்க்'கைத் தனியாகத் திறந்து, அதன் வேகத்துக்கு வரம்பு வையுங்கள்.

2. கடவுச்சொல்லைச் சுவரில் எழுதாமல் பில்லில் கொடுங்கள்; வாரமொருமுறை மாற்றுங்கள்.

3. மாதக் கட்டணத்தையும் கூடுதல் விற்பனையின் இலாபத்தையும் எழுதி ஒப்பிடுங்கள்.

நம்மூரவர் கையில் இன்று டேட்டா இருக்கிறது. வழிப்போக்கர் வராத கடைக்கு இது வீண்செலவாகலாம். பஸ் நிலையம், ரயில் நிலையம், விடுதிகளுக்கு அருகில் இருப்போர் ஒரு பருவம் முயன்று பாருங்கள். முடிவைக் கணக்குப் புத்தகம் சொல்லட்டும்.