காசைப் பிரிக்கும் முன்: ஒரு வாசகருக்குக் கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

தாத்தாவின் பிஸ்கட் டப்பாவிலிருந்த செப்புக் காசுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதமும் படங்களும் கிடைத்தன. தேய்ந்த ரோமானியக் காசுகள் நாற்பதுக்கு மேல், அவற்றுக்கு நடுவே இரண்டு மூன்று சதுரக் காசுகள். எல்லாவற்றையும் பளிச்சென்று விளக்கி, காசு சேர்க்கும் நண்பர்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். கொடுக்கவேண்டும் என்று தோன்றியதே பெரிய குணம். பழங்காசு சேர்ப்பவர்களில் பலருக்குப் பூட்டி வைக்க மட்டுமே தெரியும். ஆனாலும் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதம். உங்கள் வீட்டு டப்பாவைப் போல இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுகிறேன்.

முதலில், புளி வேண்டாம். பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கிப் பழகிய கை காசையும் அப்படித்தான் தேய்க்கப் போகும். எலுமிச்சை, வினிகர், கடையில் விற்கிற பாத்திரப் பொடி, எதுவும் கூடாது. மண்ணில் நூற்றாண்டுக் கணக்கில் கிடந்த வெண்கலத்தின் மேற்பரப்பே மெல்ல மெல்லக் களிம்பாக மாறிவிட்டிருக்கும். மன்னனின் மூக்கும் காதும் சுற்றியிருக்கும் எழுத்தும் அந்தக் களிம்பில்தான் நிற்கின்றன. அமிலம் பட்டால் களிம்பு கரைந்துவிடும்; மிஞ்சுவது மேடும் பள்ளமுமான வெறும் செம்பு. சந்தையில் ரோஜா நிறத்தில் பளபளக்கிற 'ரோமானியக் காசு' எதைப் பார்த்தாலும் எனக்கு வயிறு எரியும். 1600 ஆண்டு தாங்கிய முகத்தை யாரோ ஒரு மதியப் பொழுதில் அழித்திருக்கிறார்கள்.

காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறப் போடுங்கள். சில நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். மண் இளகியதும் பல்குத்தும் குச்சியால், லென்ஸ் வழியே பார்த்தபடி, மெதுவாகத் தள்ளுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். படத்தில் மூன்று காசுகளில் வெளிர்பச்சைப் பொட்டுகள் தெரிகின்றன. தொட்டால் மாவு மாதிரி உதிர்ந்தால் அது வெண்கல நோய். உள்ளே தங்கிய குளோரைடு, காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்கி உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் வேகமாகவே தின்னும். அந்த மூன்றையும் இன்றைக்கே தனியாக எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். பி.வி.சி. பிளாஸ்டிக் உறையில் எந்தக் காசையும் வைக்காதீர்கள். நாளடைவில் அந்தப் பிளாஸ்டிக்கே காசை அரிக்கும்.

இனி உங்கள் ஏழாவது படம். அதைத்தான் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத்தில் இரண்டு படைவீரர்கள் ஈட்டியும் கேடயமுமாக எதிரெதிரே நிற்கிறார்கள். ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் காலத்துக் காசு வகைகளில் மிகப் பரவலானது இது. வீரர்களுக்கு நடுவே நடப்பட்டிருக்கும் படைக்கொடியை எண்ணிப் பாருங்கள். இரண்டு கொடி இருந்தால் கி.பி. 330-க்கும் 335-க்கும் இடைப்பட்ட காசு. ஒன்றே ஒன்று என்றால் அதற்கடுத்த ஐந்தாறு ஆண்டுகளைச் சேர்ந்தது. அப்போது காசின் எடையைக் குறைத்தார்கள், அளவு சுருங்கியது, கொடியும் ஒன்றாகிவிட்டது. மன்னன் முகமே அழிந்துபோன காசுக்குக்கூட இப்படி வயது சொல்லிவிடலாம். உங்கள் காசில் கொடி ஒன்று.

வீரர்களின் கால்களுக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்கும் அடியில் சில எழுத்துகள். அங்கேதான் அச்சடித்த ஊரின் அடையாளம் இருக்கும். வெயில் சாய்வாக விழும்படி காசைத் திருப்பினால் மங்கிய எழுத்தும் நிழல் கட்டி எழும்பும். உங்கள் படத்தில் 'ஏ', 'என்' என்ற இரண்டு லத்தீன் எழுத்துகள் பிடிபடுகின்றன. அப்படியானால் அந்தியோக்கியா, இன்றைய துருக்கியின் அந்தாக்கியா. அடுத்து ஒரு கிரேக்க எழுத்து இருக்கவேண்டும். அது அந்த நகரத்து அக்கசாலையில் எந்தப் பட்டறை என்பதைச் சொல்லும். படத்தில் அது தெரியவில்லை, காசில் தேடுங்கள்.

பதின்மூன்று மில்லிமீட்டர்கூடத் தேறாத குட்டிக் காசுகள் சில இருக்கின்றனவே, அவை இன்னும் பிந்தியவை. சிறகுள்ள வெற்றித் தேவதை தோளில் வெற்றிச் சின்னம் சுமந்தபடி ஒரு கைதியை இழுத்துப் போகிறாள். நான்காம் நூற்றாண்டின் கடைசியில், பேரரசன் தியோடோசியஸும் அவன் மகன்களும் ஆண்டபோது வெளிவந்தவை. எடை சுமார் ஒரு கிராம்.

அந்தியோக்கியாவில் அடித்த சல்லிக்காசு, உங்கள் தாத்தாவின் காசுகள் கிடைத்த கரூர் அமராவதி ஆற்று மணலுக்கு எப்படி வந்தது? பேரரசர்கள் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்துப் பொன்னும் வெள்ளியும் மிளகுக்கும் முத்துக்கும் விலையாக வந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ரோமிலேயே மதிப்பில்லாத செப்புச் சில்லறை முந்நூறு ஆண்டு கழித்து ஏன் கடல் தாண்ட வேண்டும்? வெறும் உலோகமாக, எடை போட்டு வாங்க வந்தது என்பது ஒரு கட்சி. இங்கே கடைத்தெருவில் சில்லறையாகவே கைமாறியது என்பது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. காரணம் இலங்கை. அங்கே இந்த ரோமானியக் காசுகள் ஏராளமாகக் கிடைப்பதோடு, அவற்றைப் பார்த்து உள்ளூரிலேயே செய்த சிறிய போலிகளும் கிடைக்கின்றன. உருக்கப்போகிற உலோகத்துக்கு யாரும் போலி செய்யமாட்டார்கள். சில்லறை போதாத ஊரில்தான் அதற்கு வேலை.

இந்த வழக்கைத் தீர்க்கச் சாட்சி வேண்டும் தம்பி. எந்தக் காசு எவ்வளவு தேய்ந்திருக்கிறது? எந்த ஊர் அக்கசாலைக் காசுகள் அதிகம்? எந்த உள்ளூர்க் காசோடு சேர்ந்து கிடந்தன? ஒற்றைக் காசு இதற்கெல்லாம் பதில் சொல்லாது. ஒரே இடத்தில் கிடைத்து, ஒன்றாகவே இருந்துவரும் கூட்டம்தான் சொல்லும். உங்கள் டப்பா அப்படி ஒரு கூட்டமாக இருக்கக்கூடும். ஒரு பக்கம் யானையும் மறுபக்கம் வில்லும் அம்பும் போலத் தெரிகிற அந்தச் சதுரக் காசு சேரர் காசு. ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தால் நாற்பது பேருக்கு நாற்பது பழம்பொருள் கிடைக்கும், சாட்சி கலைந்துபோகும்.

2010 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஃப்ரோம் ஊர்ப்பக்கம் நடந்ததைச் சொல்கிறேன். மெட்டல் டிடெக்டரோடு வயலில் தேடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட ஒருவருக்கு, மண்ணுக்குள் ஒரு பானையின் வாய் தட்டுப்பட்டது. உள்ளே ரோமானியக் காசுகள். அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அவர் தோண்டுவதை அங்கேயே நிறுத்தித் தொல்லியல் ஆட்களைக் கூப்பிட்டார். அவர்கள் பானையை அடுக்கடுக்காகப் பிரித்தெடுத்தார்கள். மொத்தம் 52,503 காசுகள். கராசியஸ் என்கிற பிந்திய மன்னனின் காசுகள் மேலே இருக்கவேண்டும் என்றுதானே நினைப்போம்? பெரும்பாலானவை ஆழத்தில் கிடந்தன. ஆண்டுதோறும் உண்டியல் போலச் சேர்த்த பானை அல்ல அது, ஒரே முறையில் கொட்டி நிரப்பியது என்பது அப்படித்தான் வெளிப்பட்டது. அள்ளிக் கழுவி மேசையில் கொட்டியிருந்தால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

நம் ஊரிலும் வழிகாட்டி உண்டு. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி கரூரிலும் மதுரையிலும் கிடைத்த இந்தப் பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைத் திரட்டி, 1994-இல் ஆங்கிலத்தில் நூலாகவே போட்டார். தமிழ் பிராமி எழுத்தில் பெருவழுதி பெயர் பொறித்த பாண்டியர் காசை ஆய்வுலகத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவர் வீட்டுப் பேழையில் இருந்த காசுகள் அச்சில் ஏறிய நாளிலிருந்து, அவற்றைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் சொந்தமாகிவிட்டன. பகிர்தல் என்றால் எனக்கு இதுதான் மனதில் வரும்.

உங்கள் நண்பர்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். காசுகளைக் கொடுக்காதீர்கள்; ஆளுக்கு ஐந்து காசை வாசிக்கக் கொடுங்கள். ஒருவர் கண்ணில் படாத எழுத்து இன்னொருவர் கண்ணில் படும். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். எண்ணைக் காசில் எழுதாமல் அதன் சின்னக் காகித உறையில் எழுதுங்கள். நகைக்கடைத் தராசில் எடை, வெர்னியரில் விட்டம், இருபுறமும் ஒரே வெளிச்சத்தில் படம். தலைப்பக்கத்தை நேராகப் பிடித்துக்கொண்டு காசை இடம்வலமாகத் திருப்பினால் பின்பக்க உருவம் நேராக நிற்கிறதா, தலைகீழாக நிற்கிறதா என்றும் குறியுங்கள். இந்தப் பட்டியலை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். கொழும்புக்கும் போகட்டும், லண்டனுக்கும் போகட்டும். காசை மட்டும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. நூறு ஆண்டு தாண்டிய தொல்பொருளைத் தனியார் வெளியே அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. இனிமேல் நீங்களோ நண்பர்களோ மண்ணிலிருந்து எதையாவது கண்டெடுத்தால் அதற்கு 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாகவேண்டும்.

நண்பர்கள் கையில் சொந்தமாக ஒரு காசு இருக்கட்டும் என்று ஆசையாக இருந்தால், ஊர் பேர் தெரியாமல் கடையில் நீங்கள் வாங்கிய காசுகள் ஏதேனும் இருந்தால், அவற்றைத் தாராளமாகக் கொடுங்கள். ஒரு பள்ளிப் பிள்ளை தன் உள்ளங்கையில் கான்ஸ்டன்டைனை வைத்துப் பார்க்கிற சந்தோஷத்தை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று. தாத்தா இவற்றை அமராவதியில் மணல் சலிப்பவர்களிடம் வாங்கியதாகப் பாட்டி சொன்னார் என்று ஒரே வரியில் எழுதி நகர்ந்துவிட்டீர்கள். பாட்டியிடம் போய் உட்காருங்கள். ஆற்றில் எந்தப் பக்கம், எந்தப் படித்துறை, ஒரே ஆளிடமா, பல பேரிடமா, சதுரக் காசுகளும் அப்போதே வந்தவையா, உங்கள் அம்மா பிறப்பதற்கு முன்பா பின்பா என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதி, தேதி போட்டு டப்பாவுக்குள் வையுங்கள். அதன் நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள். ஏழாவது படத்துக் காசில் அந்தக் கிரேக்க எழுத்து கிடைத்ததா என்பதையும் அதோடு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் ஒரு காசு அன்பர்